மார்புப் படம் எடுத்த சண்முகக்கனி அக்கா

காலை ஒன்பதே கால் இருக்கும். ஸ்கேன் சென்டரின் ஷட்டரைத் தூக்கி, ஊதுபத்தி கொளுத்தி, முதல் ஆளுக்கு டோக்கன் எழுதிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. லீவுக்கு ஊருக்கு வந்திருந்த அக்காவின் மகன் பேசினான். "சித்தி, அம்மா தவறிட்டாவ" என்றான். காலையில் எழுந்து காப்பி போட்டு, கணவருக்கு ஒரு டம்ளர் கொடுத்துவிட்டு, தன்னுடையதை ஆற்றிக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே போய்விட்டாராம். மாரடைப்பு என்று டாக்டர் சொன்னாராம். ஒரு மாதமாக நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தாராம், கேட்டால் வாயு என்பாராம்.

எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். ஊரில் உள்ள பெண்களிடம் எல்லாம் "ஒடம்பு ஏதாச்சும் சொன்னா ஒடனே வந்து காட்டணும்" என்று படித்துப் படித்துச் சொன்னவர், தன் நெஞ்சு ஒரு மாதமாக என்ன சொன்னது என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. ஊருக்குத்தான் உபதேசம். அதற்காக அவரோடு ஒரு சண்டை போட வேண்டும் என்று எழுந்தவள், இனி போட முடியாது என்று உறைத்த பிறகுதான் உட்கார்ந்து அழுதேன். டோக்கன் வாங்க வந்த அம்மாள்தான் எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

நான் கோமதி. கோவில்பட்டியில் அந்த ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் தட்டச்சு செய்கிறவள். டோக்கன் கொடுப்பதும், கூட்டம் சேர்ந்தால் சத்தம் போடுவதும் நான்தான். சண்முகக்கனி அக்கா அங்கே படம் எடுப்பவர். எக்ஸ்ரே அறையும் அதை ஒட்டிய இருட்டறையும் அவருடைய ராஜ்ஜியம். பதினாறு வருஷம் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தோம். அவரைத் தெரிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அவரைத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் தெரியும் என்று வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்கள். அது ஏன் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது எங்கள் ஊரில் ஒரு பலசரக்குக் கடைக்காரர் வீட்டில். நாலு பெண்களில் மூன்றாவது. கடை நொடித்தபோது வீடே உட்கார்ந்து தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டியது. அக்கா ஒரு கையால் ஒட்டிக்கொண்டு மறு கையில் பாடப் புத்தகத்தைப் பிடித்துக்கொள்வாராம். பிறகு மதுரைக்குப் போய் எக்ஸ்ரே எடுக்கும் படிப்பைப் படித்தார். அந்தக் கதிர் பட்டால் பிள்ளை பிறக்காது, பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். கல்யாணமாகி மகன் பிறந்ததும், அவனைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படிச் சொன்ன வீடுகளுக்கெல்லாம் ஒரு நடை போய்க் காட்டிவிட்டு வந்தவர் எங்கள் அக்கா.

தொண்ணூறுகளின் பாதியில் எங்கள் டாக்டர் மார்பகத்தைப் படம் எடுக்கும் மெஷின் ஒன்றை மதுரையிலிருந்து லாரியில் கொண்டுவந்து இறக்கினார். யாரோ உபயோகித்த பழைய மெஷின்தான். ஆள் உயரத் தூண், நடுவில் ஒரு தட்டு, அதன்மேல் கண்ணாடி மாதிரி இன்னொரு தட்டு. இரண்டுக்கும் இடையில் வைத்து அமுக்கிப் படம் எடுக்க வேண்டும். மேமோகிராம் என்று பெயர். எங்கள் பெண்களுக்கு அது வாயில் நுழையவில்லை, 'அமுக்குற படம்' என்று சொல்லிக்கொண்டார்கள். வந்த மாதம் ஒருத்தி கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அக்கா என்ன செய்தார் தெரியுமா? ஒரு மத்தியானம் என்னை உள்ளே கூப்பிட்டு, எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்து, தானே மெஷினில் போய் நின்றுகொண்டார். அமுக்கி முடித்ததும் வலித்ததா என்று கேட்டேன். ரவிக்கைக் கொக்கியை மாட்டிக்கொண்டே, வலிக்கத்தான் செய்கிறது, ஆனால் எவ்வளவு நேரம் வலிக்கிறது என்று எண்ணிவிட்டேன் என்றார். அதன் பிறகு வருகிற ஒவ்வொருத்தியிடமும் அவர் சொன்னது ஒரே வாசகம்தான்.

"வலிக்கும். வலிக்காதுன்னு பொய் சொல்ல மாட்டேன். பத்து எண்ணுததுக்குள்ள விட்டுருவேன்."

அந்த ஒரு வார்த்தைக்காகவே பெண்கள் அவரை நம்பினார்கள். பத்தாவது எண்ணுக்கு முன்னால் தட்டு தானாக மேலே போய்விடும். ஒன்பதைத் தாண்டி நான் கேட்டதே இல்லை.

தாலியைக் கழற்ற மாட்டேன் என்று நிற்பவர்களிடம் அவர் வாதாட மாட்டார். கயிறானாலும் சங்கிலியானாலும் முதுகுப் பக்கம் தள்ளி, ஒரு கைக்குட்டையால் ரவிக்கையோடு முடிந்துவிடுவார். தட்டு சில்லென்று இருக்கிறது என்று ஒருத்தி துள்ளியதிலிருந்து வெந்நீரில் நனைத்த துணியால் தட்டைத் துடைத்துக் காயவைத்துவிட்டுத்தான் அடுத்த ஆளைக் கூப்பிடுவார். மாதவிலக்குக்கு முந்தைய வாரம் யாராவது வந்தால் இப்போது கனத்துக் கிடக்கும், அதிகம் வலிக்கும், தலைக்குக் குளித்து நாலைந்து நாள் கழித்து வாருங்கள் என்று திருப்பி அனுப்புவார். வந்த கிராக்கியைத் திருப்பி அனுப்புகிறாரே என்று டாக்டருக்கு வயிற்றெரிச்சல். ஆனால் போனவர்கள் சொன்ன நாளில் திரும்பி வந்தார்கள், கூட ஒரு ஓரகத்தியையும் கூட்டிக்கொண்டு.

எல்லோருக்கும் இந்தப் படம்தான் என்று இல்லை. முப்பது வயதுப் பெண்ணை அந்த மெஷினில் வைத்தால் படம் முழுக்க வெள்ளையாக விழும். கட்டியும் வெள்ளைதான், சதையும் வெள்ளைதான். அப்படிப்பட்டவர்களை ஜெல் தடவிப் பார்க்கும் ஸ்கேனுக்கு அனுப்புவார்கள். பக்கத்து வீட்டுக்காரிக்கு எடுத்த படத்தை எனக்கு ஏன் எடுக்கவில்லை என்று ஒரு இளம்பெண் முறைத்துக்கொண்டபோது அக்கா சொன்னது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. "வெடிச்ச பருத்திக்காட்டுல கொக்கத் தேட முடியுமா? அறுவடை முடிஞ்ச கரிசல்ல தேடுனா ஒடனே ஆப்புடும். ஒனக்கு இன்னும் பருத்தி நிக்கி தாயி." வயது கூடக்கூடச் சதை குறைந்து கொழுப்பு சேரும், அது படத்தில் கறுப்பாக விழும், கறுப்பில் வெள்ளை பளிச்சென்று தெரியும் என்பதைத்தான் அப்படிச் சொன்னார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஸ்கேன் அறைக்குப் போனாள்.

இதெல்லாம் உள்ளே. வெளியே ஒரு வார்த்தை போகாது. பதிவேட்டில் 'நெஞ்சு எக்ஸ்ரே' என்று எழுதச் சொல்லிக் கெஞ்சுகிறவர்கள்தான் அதிகம். எதிரில் வந்தாலும் நாமாகப் பேசக் கூடாது, அவர்கள் சிரித்தால் சிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் யாரோ எவரோ என்று போய்விட வேண்டும் என்று அக்கா எனக்குச் சட்டமே போட்டிருந்தார். ஓட்டை வாய் என்று தெருவில் பெயரெடுத்தவள் நான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என் வாய்க்கு அக்கா போட்ட பூட்டு கழன்றதே இல்லை.

இனி என் மதினி கதைக்கு வருகிறேன். அவர் சம்மதம் வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

என் அண்ணன் சுப்பையாவும் மதினி ராமலட்சுமியும் விளாத்திகுளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் மிளகாயும் பருத்தியும் போட்டுப் பிழைக்கிறவர்கள். மதினிக்கு அப்போது நாற்பத்தாறு வயது. ஒரு தலைவலி காய்ச்சல் என்று படுக்காத உடம்பு. எங்கள் சென்டரில் நாற்பது தாண்டிய பெண்களுக்கு இலவச முகாம் வைத்தார்கள். கூட்டம் சேர்க்கிற பொறுப்பு என்னுடையது. ஆள் சேரவில்லை. கடைசியில் மதினியை வம்படியாக இழுத்து வந்தேன். உடம்பு நன்றாக இருக்கும்போது எடுப்பதுதான் இந்தப் படம், சீக்கு வந்த பிறகு எடுப்பது வேறு என்று அக்காவின் வசனத்தை அப்படியே ஒப்பித்தேன்.

முகாமன்று காலை என் வீட்டில்தான் குளித்தார். டவுனுக்கு வருகிறோமே என்று கழுத்திலும் அக்குளிலும் பவுடரை அள்ளிக் கொட்டியிருந்தார். பவுடர் படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழும் என்று எனக்குத் தெரியும். ஈரத்துணியால் நானே துடைத்துவிட்டேன். அப்போது பார்த்தேன், இடது மார்பின் மேல் திருநீறு. மூன்று விரலால் அழுத்தி இழுத்த பட்டை. இது எதற்கு என்று கேட்டேன். மெஷினில் கரண்டு பாய்ந்துவிடக் கூடாது என்று ஊர்க் கோயில் பூசாரி மந்திரித்துக் கொடுத்தாராம். நான் துணியைக் கீழே வைத்துவிட்டேன். பவுடரைத் துடைக்கலாம். சாமி திருநீறை ஈரத்துணியால் துடைக்க யாருக்குக் கை வரும்? அது பவுடர் இல்லையே என்றுதான் என் புத்திக்குப் பட்டது.

சென்டருக்கு வருவதற்குள் ரவிக்கைக்குள் வியர்த்துப் பட்டையின் வெள்ளை மங்கிவிட்டது. கண்ணுக்குத் தெரியவில்லை. பொடி மட்டும் விரல் இழுத்த தடத்திலேயே தோலில் தங்கிவிட்டது. நான் பயந்ததற்கு மாறாகக் கடைசி நேரத்தில் ஆள் சேர்ந்து, அன்று அக்காவுக்கு மூச்சுவிட நேரம் இல்லாத கூட்டம். பவுடர் போட்டிருக்கிறார்களா என்று வாசலில் நின்றே கேட்டார். நம் மதினிதான், எல்லாம் துடைத்துத் தயாராகக் கூட்டிவந்திருக்கிறேன் என்று நான் பெருமையாகச் சொன்னேன். அக்கா என்னை நம்பினார்.

படத்தில் இடது பக்கம் பொடிப் பொடியாக வெள்ளைப் புள்ளிகள். டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். சதைக்குள் சுண்ணாம்பு மாதிரி படிந்த துகள்கள், அவை இப்படிக் கூட்டமாக இருந்தால் புற்றுநோயாக இருக்கலாம் என்றார். அந்த ரிப்போர்ட்டைத் தட்டச்சு செய்தவள் நான். மதுரையில் ஒரு அறுவை மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு பரவலாக இருப்பதால் பெரிய பகுதியாக எடுக்க வேண்டும், முழு மார்பையும் எடுக்க வேண்டிவரலாம் என்று சொல்லி ஒரு புதன்கிழமையைக் குறித்தார். மதினி ஊருக்குத் திரும்பி, மகளைக் கூப்பிட்டுச் சேலைகளைப் பங்குவைத்துக் கொடுத்துவிட்டார். அண்ணன் சாப்பாட்டைக் குறைத்துவிட்டான்.

அதற்கு முந்தைய திங்கட்கிழமை, ரிப்போர்ட்டில் பெயரின் தலைப்பெழுத்தைத் திருத்த வேண்டும் என்று அண்ணன் படத்தையும் உறையோடு கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரம். அக்கா தயிர்ச்சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு, கை கழுவி, அந்தப் படத்தை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு திரும்பாமலேயே கேட்டார்.

"ஏட்டி கோமதி, ஒங்க மதினி அன்னைக்குத் திருநீறு பூசிருந்தாவளா?"

அக்கா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். லென்ஸில் பார்த்தால் புள்ளிகள்தான். தள்ளிப் பிடித்துப் பார்த்தால் அந்தப் புள்ளிகள் மூன்று வரிசையாக, மூன்று விரல் அகலத்தில் போயின. எந்தச் சீக்கும் பட்டை போட்டுக்கொண்டு வராது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. சோற்றுத் தூக்கை மூடிவைத்துவிட்டு நேராக டாக்டர் அறைக்குப் போனார். பின்னாலேயே போனேன்.

அவர் சொன்னது இவ்வளவுதான்: "சார், தப்பு என்னோடது. தோல்ல என்ன இருக்குன்னு நாந்தான் பாக்கணும். பாக்கல." இல்லை சார், நான்தான் என்று நான் வாய் திறந்தேன். அக்கா என் கால் பெருவிரலை மிதித்தார். நல்ல மிதி. டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. கையெழுத்துப் போட்டது அவர் அல்லவா? வேலையை விட்டு நிறுத்தவும் செய்யலாம் என்கிற அளவுக்குப் பேசினார். அக்கா தலையைக் குனிந்துகொள்ளவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. அவர் பேசி முடித்ததும், மதுரைக்கு இப்பவே போன் போடுங்க சார், புதன்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்தான் இருக்கிறது என்றார். டாக்டர் நல்ல மனிதர்தான். போனை எடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலமே விளாத்திகுளம் பஸ்ஸில் இரண்டு பேரும் போனோம். பஸ்ஸில் நான் அழுதுகொண்டே வந்தேன். ஏன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்று கேட்டேன். நீ படித்தது டைப் அடிக்க, நான் படித்தது படம் எடுக்க, யார் தப்பு என்று உனக்கே தெரியவில்லையா என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ஊர்ப் பாதையில் மிளகாய்ச் செடி எப்படி நிற்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

வீட்டில் அக்கா விஷயத்தைச் சொன்னதும் மதினி சிரித்துக்கொண்டே அழுதார். அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு பூசாரி வீட்டுக்குக் கிளம்பினான், தேங்காய் உடைக்க. அக்காதான் தடுத்தார். "இருங்க அண்ணாச்சி. இன்னொரு படம் எடுத்துப் பாத்துக்கிட்டு ஒடைப்போம்."

மறுநாள் காலை சென்டரில் அக்கா வாயகன்ற வட்டை ஒன்றில் வெந்நீர் வைத்து, சோப்புப் போட்டு, மதினியைத் தன் கையாலேயே கழுவிவிட்டார். மதினிக்கு அந்தத் தண்ணீர் சாக்கடையில் போய்விடுமோ என்று கவலை. அக்கா வட்டையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னால் நின்ற வேப்பமரத்து மூட்டில் ஊற்றிவிட்டு வந்தார். "சாமி கொஞ்ச நேரம் வெளிய நிக்கட்டும் மதினி. படம் எடுத்த பெறவு உள்ள கூட்டிக்கிடலாம்" என்றார். அன்றிலிருந்து எங்கள் சென்டரில் யார் வந்தாலும் முதலில் வெந்நீர் வட்டைதான். அந்த மரம் இன்றைக்கு மாடி உயரம் நிற்கிறது.

புதுப் படத்தில் மூன்று வரிசையும் போய்விட்டது. டாக்டர் பெருமூச்சு விட்டார். நான் அங்கேயே குதிக்காத குறை. அக்கா மட்டும் அசையவில்லை. பழைய படத்தையும் புதிய படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு பேனா முனையால் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். ஆழத்தில், மிளகாய் விதையை விடச் சின்னதாக ஏழெட்டுப் புள்ளிகள். மேலிருந்து எடுத்த படத்திலும் அதே இடம், பக்கவாட்டில் எடுத்த படத்திலும் அதே இடம். பழைய படத்திலும் அவை இருந்தன, திருநீற்றுப் புள்ளிகளோடு கலந்து கிடந்ததால் தனியாகத் தெரியவில்லை. டாக்டர் லென்ஸை எடுத்தார். அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கி இன்னொரு படம் எடுக்கச் சொன்னார். அதன் பிறகு அவர் பெருமூச்சு விடவில்லை.

ஜெல் தடவி ஸ்கேன் பார்த்தார்கள். அதில் ஒன்றும் தெரியவில்லை. கட்டி இருந்தால் அதில் தெரியும், தண்ணீர்க் கட்டியா சதைக் கட்டியா என்று கூடச் சொல்லிவிடும். ஆனால் கட்டி சேர்வதற்கு முந்தின நிலையில் உள்ள இந்தப் பொடித் துகள்களை அது பெரும்பாலும் காட்டாது. அமுக்கி எடுக்கும் படம்தான் காட்டும். இந்த நியாயம் எனக்குப் புரிந்தது. என் அண்ணனுக்கு எப்படிப் புரியும்?

அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். அடுத்தடுத்து மூன்று பேச்சுக் கேட்டவன். எங்கள் முன்னறையில் நின்றுகொண்டு, குரலை உயர்த்தாமல்தான் கேட்டான்.

"மொதல்ல இருக்குன்னீங்க. பெறவு திருநீறுன்னீங்க. இப்ப மறுபடியும் இருக்குங்குதீங்க. ஜெல்லு ஸ்கேன்ல இல்லைங்குதீங்க. நாங்க எந்தப் பேச்சக் கேக்கணும்?"

மதுரையில் இருக்கிற காந்த மெஷினில் போட்டுப் பார்த்தால் தெரியாதா என்றும் கேட்டான். பெரிய மெஷின் என்பதால் எல்லாம் தெரிந்துவிடாது, அது ரத்த ஓட்டத்தையும் சதையையும் காட்டும், இந்தத் துகளைக் காட்டாது என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். அண்ணன் மதினியின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றான். தப்பை ஒத்துக்கொண்டதற்குக் கிடைத்த கூலி அதுதான். அக்கா மட்டும் அந்தத் தப்பை மூடி மறைத்திருந்தால் அவர் சொல் அன்று எடுபட்டிருக்கும், ஆனால் மதினி மார்பு முழுவதையும் இழந்திருப்பார். ஒத்துக்கொண்டதால் மார்பு தப்பியது, உயிர் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தது. என் மதினி சாகப்போகிறார் என்று எனக்கு அந்த நிமிஷம் பயம் வந்தது. அண்ணனின் காலைக் கட்டிக்கொள்ளலாமா என்று கூட நினைத்தேன்.

அக்கா அண்ணனிடம் பேசவே இல்லை. மதினியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் விளக்குப் பெட்டியில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். "எம் பேச்ச நீங்க நம்பாண்டாம் மதினி. நான் ஒரு தடவ தப்புப் பண்ணுனவதான். இது ஒங்க ஒடம்பு. நீங்களே பாருங்க. அவசரமில்ல." சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டார்.

மதினி எழுதப் படிக்கத் தெரியாதவர். முப்பது வருஷமாகக் குனிந்து களை எடுத்தவர். அந்தக் கறுப்பையும் வெள்ளையையும் மூக்கு படுகிற தூரத்தில் நின்று பார்த்தார். இதில் இருந்த கோடு அதில் இல்லை என்று விரலால் தடவிப் பார்த்தார். அந்த ஏழெட்டுப் புள்ளிகள் இரண்டிலும் அப்படியே இருந்ததையும் பார்த்தார். வெளியே அண்ணன் நேரமாகிறது என்று செருமினான். மதினி திரும்பவில்லை.

"மேல கெடந்தது தண்ணிக்குப் போயிட்டு. இது மண்ணுக்குள்ள கெடக்க சுக்காங்கல்லு. மழைக்குப் போவாது, தோண்டித்தான் எடுக்கணும்" என்றார். கரிசலுக்கு அடியில் கிடக்கும் சுண்ணாம்புக் கல்லைத்தான் அப்படிச் சொன்னார். பிறகு வெளியே வந்து அண்ணன் தோளிலிருந்து பையை வாங்கிக் கீழே வைத்தார். மதுரைக்கு என்றைக்குப் போக வேண்டும் என்று டாக்டரிடம் அவரே கேட்டார். அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்தான். அந்தக் குடும்பத்தில் பெரிய முடிவு ஒன்றை மதினி எடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது என்பதும் அண்ணனுக்கு அதில் நஷ்டம் இல்லை என்பதும் வேறு கதை.

மதுரையில் படத்தைப் பார்த்துக்கொண்டே மெல்லிய கம்பி ஒன்றை அந்த இடம் வரைக்கும் செருகி, கம்பி நுனியில் இருந்த சதையை மட்டும் எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்றுநோய்தான். ஆனால் பால் குழாய்க்குள்ளேயே அடங்கிக் கிடந்த ஆரம்ப நிலை. சுற்றியுள்ள பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, சில வாரம் கதிர் சிகிச்சை கொடுத்தார்கள். மார்பு மிஞ்சியது. மதினி அடுத்த வருஷம் மிளகாய் பறித்தார். வருஷத்துக்கு ஒரு தடவை அக்காவிடம் வந்து படம் எடுத்துக்கொள்வார். வரும்போது ஒரு மஞ்சள்பை நிறைய வற்றல் கொண்டுவருவார். பழைய படங்களையும் வரிசை மாறாமல் கொண்டுவருவார், பழசோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் புதுசு பேசும் என்று அக்கா சொல்லியிருந்தார். இரண்டு பேரும் உள்ளே போனால் படம் எடுக்கும் நேரத்தைவிட ஊர்க்கதை பேசும் நேரம்தான் அதிகம். வெளியே டோக்கன் வைத்திருப்பவர்களிடம் ஏச்சு வாங்குவது நான்.

எல்லாம் இப்படி நல்லபடியாக முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கட்டியைப் புடவைக்குள் மறைத்து ஒரு வருஷம் கழித்து வந்தவர்களும் உண்டு. அப்படி ஒருத்தி வந்து போன நாளில் அக்கா இருட்டறையில் படத்தைக் கழுவிவிட்டு வெளியே வரக் கொஞ்சம் நேரமாகும். கதவைத் தட்ட மாட்டேன். ஆனால் சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிய நாட்கள்தான் அதிகம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். தன் வீட்டில் விசேஷம் என்கிற மாதிரி இருக்கும்.

அவர் இறந்த அன்று மகன் ஊருக்குள் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டச் சொல்லியிருந்தான். பஸ் ஸ்டாண்டிலும் ஒட்டியிருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். இடைசெவல் பஸ்ஸில் நாலு பேர், புதூர்ப் பக்கமிருந்து ஐந்தாறு பேர், தீப்பெட்டி ஆபீசிலிருந்து கையில் மருந்து வாடையோடு ஒரு கூட்டம், காரில் வந்து இறங்கிய முதலாளி வீட்டு அம்மாள் ஒருவர். ஒருவரை ஒருவர் தெரியாது. வந்து, கால்மாட்டில் நின்று பார்த்துவிட்டு, பந்தலில் தனித்தனியாக உட்கார்ந்துகொண்டார்கள். நீங்கள் யார் என்று சொந்தக்காரர்கள் கேட்டால், தெரிஞ்சவிய என்று மட்டும் சொன்னார்கள்.

அக்காவின் மகன் என்னிடம் வந்தான். "சித்தி, இவியல்லாம் யாரு? அம்மைக்கு எப்படிப் பழக்கம்?" எனக்கு ஒவ்வொரு முகமும் தெரியும். பலருடைய ரிப்போர்ட்டையும் தட்டச்சு செய்தவள். சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியவர் அங்கே படுத்திருந்தார். அம்மையோடு பழகியவர்கள் என்று மட்டும் சொன்னேன். அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தன் தாய் யாராக இருந்தார் என்று அவனுக்குத் தெரியாமலே தீ மூட்டப் போகிறான்.

தூக்குவதற்கு நேரமாகிவிட்டது என்று ஆண்கள் எழுந்தார்கள். அப்போது என் மதினி பெண்கள் நடுவிலிருந்து எழுந்து வந்து பாடைக்கு முன்னால் நின்றார். சபையில் பேசிப் பழக்கமில்லாதவர். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தப் பையனைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்கு மார்புல புத்து இருந்துச்சுப்பா. ஒங்க அம்மைதான் கண்டு சொன்னா. ஒம்பது வருசமா நான் சோறு திங்கது அவளால."

பந்தலில் ஆண்களும் பெண்களும் நிறைந்திருந்தார்கள். என் அண்ணன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்துப் புதூர்க்காரப் பெண் ஒருத்தி எழுந்தாள். "எனக்கும் இவியதான் படம் எடுத்தாவ" என்றாள். அவள் பக்கத்தில் வந்திருந்த கணவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கே அது புதிய செய்தி என்பது தெரிந்தது. பிறகு தீப்பெட்டி ஆபீஸ் பெண்களில் இரண்டு பேர். பிறகு அந்த முதலாளி வீட்டு அம்மாள். எனக்கும், எனக்கும் என்று ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். தூக்க வந்த ஆண்கள் அவசரப்படுத்தாமல் விலகி நின்றார்கள். அக்காவின் மகன் ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே நின்றான், கண் துடைக்கக் கூடக் கையை இறக்கவில்லை.

அக்கா, எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை. தெருமுக்கு வரைக்கும்தான் வந்தோம். தெரு அடைத்துக்கொண்டு நின்றோம். நீங்கள் காப்பாற்றிய ரகசியத்தை அவர்களே அவிழ்த்துவிட்டார்கள், என்னைத் திட்டாதீர்கள். நிம்மதியாகப் போங்கள். படம் எடுக்க மதுரையிலிருந்து ஒரு பெண்ணை டாக்டர் வரச் சொல்லியிருக்கிறார், நாளைக்குக் காலையில் எட்டுப் பேருக்கு டோக்கன் கொடுத்திருக்கிறேன். அதில் மூன்று பேர் உங்கள் பந்தலிலேயே என்னிடம் வந்து, தங்கள் பெயரைச் சத்தமாகச் சொல்லி வாங்கிக்கொண்டவர்கள்.